எதிர்காலமும் பழைய யந்திரமும்

1984-ம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த '2010' என்னும் படம், இருபத்தாறு ஆண்டுகட்குப் பின் வரும் உலகைக் காட்டப் புகுந்தது. அதில் கடற்கரையில் அமர்ந்திருக்கும் விஞ்ஞானியின் முன் இருப்பதோ, அவ்வாண்டே விற்பனைக்கு வந்த 'ஆப்பிள் டூ-சி' என்னும் வீட்டுக் கணினி! அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அப்பொழுதும் பகைத்தே நிற்கின்றன. நடந்தது யாது? அக்கணினியின் உற்பத்தி நின்றுபோயிற்று; சோவியத் ஒன்றியம் 1991-ல் மறைந்தது.

கையிலுள்ளதையே நாளையென நம்புவது மனித மனத்தின் இயல்பு. அவ்வியல்பு வாழ்க்கையிற் புகுங்கால் பெருங்கேடு விளைகின்றது. ஜொகூர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவரின் பேரன் செம்பனை வெட்டவே பிறந்தான் என்பாரும், சாதி என்றும் அழியாது என்பாரும் செய்வது யாது? இன்றைய பழம்பொருளை நாளைய மேசைமீது வைக்கின்றனர்.

அப்படத்தைக் கண்டு நகைக்கும் நாம், நம் பிள்ளைகட்கு எந்த நாளையைக் காட்டுகின்றோம்?