கதிர்காமத்துத் திரை



நம்ம அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருக்கிறவங்களுக்கு முருகன்னு சொன்னாலே திருத்தணிதான் ஞாபகம் வரும். லோக்கல் ட்ரெயின்ல போய் மலையேறினா, கண் குளிர அவன் முகத்தைப் பார்த்துட்டு வந்துடலாம். ஆனா அதே முருகன் முகத்தையே காட்டாத ஒரு தலமும் இருக்கு, தெரியுமா?

இலங்கையின் தெற்கே, மாணிக்க கங்கைக் கரையில் உள்ள கதிர்காமம்தான் அது. அருணகிரிநாதர் திருப்புகழில் பாடிய தலம். அங்கே மூலவர் தரிசனம் கிடையாது. கருவறையை மறைத்து ஒரு திரை தொங்குகிறது. அதில் வள்ளி தெய்வானையோடு முருகன் படம். பக்தர்கள் கும்பிடுவது அந்தத் திரையைத்தான். உள்ளே போய் பூசை செய்பவர் கப்புறாளை. ஆடித் திருவிழாவில் யானை மேல் வருவதும் சிலை இல்லை. யந்திரம் இருப்பதாகச் சொல்லப்படும் ஒரு பேழை.

இப்போ அந்தத் திரைக்கு முன்னாடி யார் யார் நிற்கிறாங்கன்னு பாருங்க.

யாழ்ப்பாணத்தில் இருந்து காடு மேடெல்லாம் கடந்து பாத யாத்திரையா வரும் தமிழர்களுக்கு, அவன் கந்தன். பரம்பொருள்.

சிங்கள பௌத்தர்களுக்கு அவன் 'கதரகம தெய்யோ', நாட்டைக் காக்கும் தெய்வம். கஷ்டம் வந்தால் அவனிடம் பழத்தட்டு ஏந்தி நேர்ந்துகொள்வார்கள். ஆனால் நிர்வாணத்துக்கு வழி புத்தர் சொன்ன தர்மம்தான் என்பார்கள். அதனால் பக்கத்திலேயே இருக்கும் கிரி விகாரைக்கும் போவார்கள்.

வேடர்களுக்கு அவன் வள்ளியைக் கட்டிய மாப்பிள்ளை.

அதே வளாகத்தில் ஒரு பள்ளிவாசலும் இருக்கு. முஸ்லிம்கள் அங்கே முருகனை வணங்க வருவதில்லை. சாகாவரம் பெற்றவர் என்று நம்பப்படும் ஹிழ்ரு என்ற மகானை நினைத்து, உருவமற்ற இறைவனிடம் துஆ கேட்கிறார்கள். திருவிழா நாட்களிலேயே அவர்களுடைய கொடியேற்றமும் நடக்கும்.

ஒண்ணு கவனிச்சீங்களா? "எல்லாம் ஒண்ணுதான்"னு சுலபமா சொல்லிட்டுப் போக முடியாது. பரம்பொருள், காவல் தெய்வம், வீட்டு மாப்பிள்ளை, உருவமே இல்லாத ஒருவன். இந்த நாலும் வேற வேற. யாரும் தன் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கலை. ஆனாலும் எல்லாரும் வர்றது ஒரே வாசலுக்கு, அதே ஆற்றங்கரைக்கு. ஏன்னா திரைக்குப் பின்னாடி இருக்கிறதை முழுசா பார்த்தேன்னு சொல்ல அங்கே வந்து நிற்கிற யாராலும் முடியாது. அந்தப் பணிவுதான் கதிர்காமம் தரும் பிரசாதம்.

இதை ஏன் இன்னைக்குச் சொல்றேன்? நம்ம குரூப்கள்ல முருகன் படம் போட்டு, கீழே அடுத்த மதத்துச் சாமியைக் கிண்டல் பண்ற ஃபார்வர்டுகள் வருது. 'ஓம் முருகா'ன்னு தட்டிட்டு அதையும் அனுப்பிடறோம். அதைப் படிக்கிறது யாரு? ஒரே ஃபிளாட்ல குடியிருக்கிற ஃபாத்திமா அக்கா, கிறிஸ்துமஸ்க்கு கேக் கொடுத்து விடற ஜான் அங்கிள் வீட்டுப் பசங்க. அவங்க மனசு புண்படும்போது நம்ம முருகன் சந்தோஷப்படுவானா?

சூரபத்மனை நினைச்சுப் பாருங்க. கடைசி நிமிஷம் வரை வேலவனை எதிர்த்துச் சண்டை போட்டவன். அவனையே மயிலாவும் சேவலாவும் மாற்றி, ஒன்றை வாகனமாவும் ஒன்றைக் கொடியாவும் வெச்சுக்கிட்டான் நம்ம அப்பன். எதிரிக்கே இடம் கொடுத்தவன். பக்கத்து வீட்டுக்காரர் எதிரிகூட இல்லையே!

திருத்தணி முருகன் நம்ம முருகன்தான். அதில் ஒரு துளியும் குறைக்க வேண்டாம். ஆறு செவ்வாய் சிறுவாபுரி போங்க, கிருத்திகை விரதம் இருங்க, பால்குடம் எடுங்க. ஆனா அடுத்த தடவை அப்படி ஒரு ஃபார்வர்டு வந்தா, விரல் அழுத்துறதுக்கு முன்னாடி அந்தத் திரையை ஒரு நொடி நினைச்சுக்கோங்க. அழிச்சிடுங்க. அதுவும் ஒரு விரதம்தான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!