சொல்லும் நிர்ப்பந்தமும்

உப்பளத்துப் பிள்ளைகளுக்குப் பாரதியாரின் பாடலொன்றை விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் வினவினார்: "ஹஜ்ரத், அஞ்சாமையைப் பாடியவர் அரசுக்குப் பணிந்து விடுதலை பெறலாமா?"

வினா நியாயமானதே. 1908இல் பிரெஞ்சுப் புதுவையில் அடைக்கலம் புகுந்த பாரதியார், தம் பாடல்களுக்குத் தாமே இராகம் அமைத்துப் பாடினார். பிரெஞ்சு தேசிய கீதத்தையும் தமிழாக்கினார். 1918 நவம்பரில் எல்லை கடந்ததும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் அடைபட்டார். அரசு விதித்த நிபந்தனைகளுக்கு இசைந்தே டிசம்பரில் வெளிவந்தார்.

தாம் செய்யாததைச் சொல்லும் கவிஞரைத் திருமறையின் 'அஷ்ஷுஅரா' அத்தியாயம் கண்டிக்கின்றது. ஆயினும், உள்ளம் ஈமானில் உறுதியுற்றிருக்க, நிர்ப்பந்தத்தால் நாப் பிறழ்ந்தவருக்கு 'அந்நஹ்ல்' அத்தியாயம் விலக்களிக்கின்றது. குறைஷியரின் கொடுமை தாளாது, அவர்கள் வேண்டிய சொல்லைச் சொல்லிவிட்டு அழுதுவந்த அம்மார் (ரலி) அவர்களிடம், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உள்ளத்தின் நிலையையே கேட்டார்கள். அன்னை சுமையா (ரலி) அவர்களோ அச்சொல்லைச் சொல்லாமலே ஷஹீதானார்கள். முன்னது 'ருக்ஸத்', பின்னது 'அஸீமத்'. அன்னையின் படித்தரம் உயர்ந்தது. அதனால் மகன் குற்றவாளியாகிவிடவில்லை.

கடலூர்ச் சிறை மக்கத்துச் சுடுமணலுக்கு ஈடன்று, அரசியல் ஈமானுமன்று. எனினும், பத்தாண்டு ஊர் துறந்து வறுமையில் நலிந்தவரின் இசைவை, நிழலில் அமர்ந்து எடைபோடும் உரிமை நமக்கு ஏது? அஸீமத்தை நமக்கும், ருக்ஸத்தைப் பிறர்க்கும் வைப்பதே நல்லொழுக்கம். நாமோ பெரும்பாலும் மாற்றி வைக்கின்றோம்.

மாணவருக்கு இதனையே கூறினோம். நம் சொல்லையும் செயலையும் அல்லாஹ் ஒன்றாக்கி வைப்பானாக! ஆமீன்.