வெற்றி நாளும் வீழ்ந்த நாளும்

நோயுற்ற ஒருவர் எழுந்து ஓடி வென்றால் அதனை இறைவனின் செயல் என்கிறோம். அதே நோயோடு ஓடித் தோற்றவரிடத்தில் இறைவன் என்ன செய்தார்? இக்கேள்வியை ஒதுக்கிவிட்டு விசுவாசத்தைப் பற்றிப் பேசுவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது.

அமெரிக்க ஓட்ட வீராங்கனை கெயில் டிவர்ஸ், பாப்டிஸ்ட் சபைப் போதகர் ஒருவரின் மகள். 1988-இல் நூறு மீட்டர் தடையோட்டத்தில் தம் நாட்டின் சாதனையைப் படைத்தவர், அதே ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் அரையிறுதியைக்கூடத் தாண்டவில்லை. உடல் ஏன் தளர்ந்தது என்பது எவருக்கும் விளங்கவில்லை. முடி உதிர்ந்தது, பார்வை மங்கியது. தைராய்டு சுரப்பியைப் பற்றும் கிரேவ்ஸ் நோய் என்று 1990-இல்தான் கண்டறிந்தனர். கதிரியக்கச் சிகிச்சையைத் தொடர்ந்து பாதங்கள் வீங்கிக் கொப்புளித்துக் குருதி கசிந்தன. உலகின் மிக விரைவான கால்களுள் இரண்டு, பெற்றோர் தூக்கிச் சென்றாலன்றி அறையைக் கடக்க இயலாதவை ஆயின. பாதங்களை அகற்றிவிடலாமா என்றுகூட 1991-இல் மருத்துவர்கள் எண்ணினர். சிகிச்சை முறை மாற்றப்பட்டது, மெல்ல நடந்தார், பின் ஓடினார். 1992 ஆகஸ்டு 1 அன்று பார்சிலோனாவில் நூறு மீட்டர் ஓட்டத்தை 10.82 நொடியில் முடித்துத் தங்கம் வென்றார்.

மேடைப் பேச்சுகளில் கதை இங்கே முடிந்துவிடும். ஐந்து நாட்களுக்குப் பின் அதே அரங்கில், அவருக்கே உரிய தடையோட்டத்தின் இறுதிப் போட்டி நடந்தது. எல்லாருக்கும் முன்னே ஓடியவரின் கால் கடைசித் தடையில் இடறியது. விழுந்தபடியே எல்லைக்கோட்டைக் கடந்து ஐந்தாமிடம் பெற்றார். தங்கம் கிரேக்க நாட்டின் வூலா பதூலிடூவுக்குச் சென்றது. பின்னாளில் இவ்வோட்டத்தில் மூன்று முறை உலக வாகை சூடியபோதும், ஒலிம்பிக் பதக்கம் மட்டும் இறுதிவரை இவருக்குக் கிட்டவேயில்லை.

ஆகஸ்டு முதல் நாளின் தங்கம் விசுவாசத்திற்குக் கிடைத்த கூலி என்றால், ஆறாம் நாளின் வீழ்ச்சி எதற்குக் கிடைத்த கூலி? ஐந்து நாட்களில் விசுவாசம் வற்றிப்போயிற்றா? இது யோபுவின் நண்பர்கள் போட்ட கணக்கு. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இயேசு ஏற்க மறுத்ததும் இதே கணக்கைத்தான். இதற்கான விலையைக் கொடுப்பவர் வென்ற வீராங்கனை அல்லர். ஆலயத்தின் கடைசி வரிசையில், ஆண்டுக்கணக்கில் செபித்தும் நலமடையாமல் அமர்ந்திருக்கும் நோயாளி. நோயோடு பழிச்சொல்லையும் அவர்மீது ஏற்றிவிடுகிறோம்.

தம் மீட்சிக்காக டிவர்ஸ் இறைவனுக்கு நன்றி கூறியதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பெற்றவருக்கு நன்றி கூறும் உரிமை உண்டு. அவருடைய நன்றியைப் பார்வையாளராகிய நாம் பிறர்க்கான விதியாக மாற்றுவதே தவறு. பந்தயத்தையும் வாகையையும் உவமையாக எடுத்தாண்ட புனித பவுல், தம் உடலில் தைத்த முள்ளை அகற்றும்படி மும்முறை வேண்டினார். முள் அகற்றப்படவில்லை; அதைத் தாங்கும் அருளே தரப்பட்டது. துன்பத்தின் பொருள் குறித்து 1984-இல் திருத்தூது மடல் வரைந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பனிமலைகளில் சறுக்கி விளையாடியவர். பார்க்கின்சன் நோயால் நடுங்கிய கரங்களை 2005-இல் இறக்கும்வரை அவர் உலகின் கண்களுக்கு மறைக்கவில்லை. அவரது விசுவாசம் குறைந்ததென்று யார் சொல்வார்?

எனவே டிவர்ஸின் விசுவாசத்தைத் தேட வேண்டிய இடம் பார்சிலோனா அன்று. கால்கள் எஞ்சுமா என்று தெரியாதிருந்த 1991-இன் அறையிலும், தோற்றபின் பயிற்சிக்குத் திரும்பிய நாட்களிலும் அதைத் தேடலாம். தைராய்டு சுரப்பி செயலிழந்தவர்கள் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் மாத்திரை உட்கொள்கின்றனர். விடியற்காலையில், வெறும் வயிற்றில், ஒரு குவளை நீரோடு. அங்கே கைதட்ட எவரும் இருப்பதில்லை.