எதிரே நிற்பவன்

2022 ஐபிஎல் சமயத்தில் நான் சாயர்புரத்தில், வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் மேட்சுக்கு நூறு ரூபாய் பந்தயம். ஐந்து பேர். ஐந்து பேருமே சென்னை. எதிர்ப்பக்கம் நிற்க ஆள் இல்லாததால் பந்தயமே நடக்காது போலிருந்தது. "நான் நிக்கேன்" என்றேன். ஏதோ தியாகம் செய்வதுபோல எல்லோரும் நன்றி சொன்னார்கள்.

அது தியாகம் இல்லை. அதற்கு ஒரு வாரம் முன்பே நான் ஒரு எக்ஸெல் ஷீட் போட்டு வைத்திருந்தேன். 14 கோடிக்கு எடுத்த தீபக் சஹர் காயத்தில் இருந்தார். தொடர் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது தோனி கேப்டன் பதவியை ஜடேஜாவிடம் கொடுத்தார். வெளிநாட்டு பந்தயத் தளங்களின் விலைகள் எப்படி நகர்கின்றன என்று பார்ப்பது அப்போது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. பணம் கட்டுவதில்லை, பார்ப்பதோடு சரி. நம் குழுவிலோ விலையே கிடையாது, நூறுக்கு நூறு. முந்தைய வருடக் கோப்பை, மஞ்சள் சட்டை, தோனி எல்லாம் சேர்ந்து அந்த நூறுக்குள் இருந்தன. சஹரின் காயம் இல்லை.

விலை நகர்வு என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பந்தயம் நடத்துபவர் முதலில் ஒரு விலை சொல்வார். மக்கள் ஒரு பக்கம் குவிந்தால் அந்தப் பக்கத்துக்குக் கிடைக்கும் லாபம் குறையும். இது சாதாரணம். சில சமயம் பத்தில் எட்டுப் பேர் ஒரு பக்கம் கட்டியிருப்பார்கள், விலை அதற்கு எதிராக நகரும். எண்ணிக்கையில் குறைந்த யாரோ பெரிய தொகையோடு எதிர்ப்பக்கம் வந்திருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம் சொல்வார்கள். 2017 ஆகஸ்டில் மேவெதரும் மெக்ரெகரும் மோதிய குத்துச்சண்டை இதற்குப் பிரபலமான உதாரணம். சீட்டு எண்ணிக்கையில் மெக்ரெகர்தான் மிக அதிகம். தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஒருமுறைகூட இறங்காதவர். ரசிகர்களின் சின்னச் சின்னப் பணம் சேர்ந்தே மேவெதரின் விலையை மலிவாக்கியது. கடைசியில் பெரிய பணம் மேவெதர் பக்கம் வந்தது. பத்தாவது சுற்றில் ஆட்டம் முடிந்தது.

இதைப் படித்துவிட்டு "கூட்டத்துக்கு எதிராக நின்றால் ஜெயிக்கலாம்" என்று கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. கூட்டம் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லும். விலை நகர்ந்ததை நீங்கள் கவனிக்கும்போது அதிலிருந்த லாபத்தை வேறு யாரோ எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். எதிராக நிற்பது தனியாக ஒரு அறிவு இல்லை.

எங்கள் கடற்கரைக்கு இந்த விளையாட்டு புதிதில்லை. முத்துச் சலாபம் என்பதே திறக்காத சிப்பியின் மேல் கட்டும் பந்தயம்தான். சலாபத்துக்கு முன் பாரிலிருந்து மாதிரிக்குச் சிப்பி எடுத்து, அதில் கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று அறிவிப்பார்கள். தொடக்க விலை என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் கொட்டில் அரசாங்கத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஏலம் போகும், ஆயிரம் ஆயிரமாக. வாங்கியவர் சிப்பியை ஒரு வாரம்போல அழுகவிட்டுக் கழுவித்தான் உள்ளே என்ன என்று பார்ப்பார். அதுவரைக்கும் வதந்திதான். இன்னாருக்குப் பெரிய முத்து கிடைத்ததாம் என்றால் அன்றைக்கு விலை ஏறும், சும்மா சொன்னார்கள் என்றால் மறுநாள் இறங்கும். 1905இல் மன்னார்ப் பக்கம் மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பி எடுத்தார்கள். இலங்கை அரசுக்கு 25 லட்சம் ரூபாய் வந்தது. மறு வருடமே லண்டன் பணத்தில் ஒரு கம்பெனி, வருடத்துக்கு 3 லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் வாடகைக்கு, பார்களை இருபது வருடக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பியே இல்லை. கம்பெனி மூழ்கியது. கூட்டத்துக்கு எதிராக நின்றவர் யார் என்று பார்த்தால், உச்ச விலையில் குத்தகைக்கு விட்ட அரசாங்கம்தான். அவர்களுக்கும் அது தெரிந்து செய்ததில்லை.

எனக்கு இதில் பிடித்த இடம் கொட்டின் வாசல். மூன்றில் ஒரு பங்கு சிப்பி முங்குபவருக்குக் கூலி. அதை எடுத்துக்கொண்டு அவர் வெளியே வந்ததும், ஏலத்தில் ஆயிரம் வாங்க வக்கில்லாத ஜனங்கள் சூழ்ந்துகொள்வார்கள். ஒன்று, இரண்டு, ஒரு டஜன் என்று சில்லறைக்கு வாங்குவார்கள். கணக்குப் போட்டால் ஏல விலையைவிட அதிகம்தான் கொடுத்திருப்பார்கள். அந்தக் கூடுதல் காசு எதற்கு? ஆசைக்கு. முங்கியவர் அந்த ஆசையை விற்றார் என்று சொல்லலாம். ஆனாலும் அவரை ஏமாற்றுக்காரர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மூடிய சிப்பிக்கு முன்னால் அவரும் வாங்குபவரும் ஒன்று. ரெண்டு பேருக்கும் உள்ளே இருப்பது தெரியாது.

நான் அப்படியா நின்றேன்?

அந்த வருடம் சென்னை முதல் நான்கு மேட்சையும் தோற்றது. என் சித்தப்பா மகன் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறான், எனக்கு ஆறு மாதம் மூத்தவன். முதல் தோல்விக்குப் பிறகு தனியாக போன் பண்ணினான். "லேய், எனக்கு மட்டும் டபுளு." நூறு, இருநூறு, நானூறு, எண்ணூறு. நான்கு மேட்சில் 1500 ரூபாய் போனது. ஐந்தாவது மேட்சுக்கு 1600 கட்ட வேண்டும். "கையில இல்லடே" என்று விட்டுவிட்டான். அந்த மேட்சில் பெங்களூருக்கு எதிராக ஷிவம் துபே 95 ரன் அடித்து சென்னை ஜெயித்தது. அவன் கட்டாமல் போனதில் எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதைத்தான் இன்றுவரை நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பதினான்கில் பத்து தோற்றது சென்னை. மற்ற நால்வரிடமிருந்து 2400, இவனிடமிருந்து 1500. மொத்தம் 3900.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் கொஞ்சமில்லை. யாரையும் வற்புறுத்தவில்லை. நான் நின்றிராவிட்டால் அவர்களுக்கு விளையாட்டே இல்லை. சஹரின் காயம் எல்லாப் பேப்பரிலும் வந்ததுதான். எல்லாமே உண்மை. எக்ஸெல் ஷீட்டைப் பற்றி மட்டும் நான் குழுவில் வாயே திறக்கவில்லை. அவர்கள் தப்புக்கணக்குப் போட்டதால் எனக்குக் காசு வந்தது என்றால் பரவாயில்லை. அவர்கள் கணக்கே போடவில்லை. அவர்களுக்கு அந்த நூறு, மேட்ச் பார்க்கும்போது நெஞ்சு படபடக்கக் கொடுக்கும் டிக்கெட் காசு. எனக்கு அது விலை. ஒரே மேஜையில் இரண்டு வெவ்வேறு ஆட்டம் ஆடியிருக்கிறோம், அது ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

1981 ஹெடிங்லி டெஸ்டில் டென்னிஸ் லில்லியும் ராட் மார்ஷும் தங்கள் அணிக்கு எதிராகவே, இங்கிலாந்தின் மேல் ஒன்றுக்கு ஐந்நூறு விலையில் பத்தும் ஐந்தும் பவுண்டு கட்டினார்கள். இங்கிலாந்து ஜெயித்தது. அவர்கள் வேண்டுமென்று தோற்றதாக யாரும் நம்பவில்லை. ஆனாலும் அந்தக் கதையைக் கேட்கும்போது ஏதோ உறுத்துகிறது. தன் ஆட்கள் நம்புகிற ஒன்றுக்குத் தான் வேறு விலை வைத்திருப்பதா உறுத்துவது? அப்படியானால் சந்தையில் நிற்கும் எவனும் தப்ப முடியாது.

சாயர்புரத்தில் ஜி.யு. போப் இருந்தார், பள்ளி நடத்தினார். பிற்பாடு குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அதில் 94ஆம் அதிகாரம் சூது. அங்கே வள்ளுவர் தோற்றவனைவிட ஜெயித்தவனுக்குத்தான் அதிகம் பயப்படுகிறார். வெற்றியே மீன் விழுங்கிய தூண்டில் முள் என்கிறார். படிக்கும் காலத்தில் அது எனக்கு மிகையாகத் தெரிந்தது. 3900 ரூபாய் வந்த மறு வாரம் நான் நிஜத் தளம் ஒன்றில் கணக்கு தொடங்கப் பார்த்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தொடங்கவில்லை. அந்த அக்டோபரில்தான் தமிழக சட்டசபை ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதாவை நிறைவேற்றியது. கவர்னர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் சட்டமானது. காசை விட்டு உயிரையும் விட்ட வீடுகளின் கதை அதற்குப் பின்னால் இருக்கிறது. அங்கே எதிரே நிற்பவனுக்கு முகம் இல்லை, அவனுக்கு நிம்மதி வந்ததா உறுத்தியதா என்று கேட்கவும் வழியில்லை.

சித்தப்பா மகனிடம் 1500ஐத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டான். "தோத்தது தோத்ததுதாம்ல. பிச்சையா போடுத?" அந்த ஷீட்டைப் பற்றியும் அன்றைக்குச் சொன்னேன். அதற்கு அவன் சிரித்தான். "நீ கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் பாத்துருப்பன்னு தெரியாமயா கட்டுனோம்?"

2023 பைனலுக்கு முன் அவனே கேட்டான், எதிரே நிற்கிறாயா என்று. 1600, விட்ட இடத்திலிருந்து. நான் மாட்டேன் என்றேன். ஒரு வருடம் யோசித்து எடுத்த முடிவு. மழை பெய்து ஆட்டம் நள்ளிரவு தாண்டிப் போனது. சித்தப்பா வீட்டுத் திண்ணையில் டிவியைத் திருப்பி வைத்துப் பார்த்தோம். கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். தெருவே எழுந்து கத்தியது. நானும்தான்.

வெடிச் சத்தம் அடங்கியதும் அவன் என் பக்கம் திரும்பினான். "நீ மட்டும் எதுக்க நின்னுருந்தா என் காசு வந்துருக்கும்லா. கெடுத்துட்டியேடே."