வழிநடைத் தர்மம்

நடத்தல் தவமா, துன்பமா என்ற கேள்விக்கு நம்முடைய பக்தி சம்பிரதாயம் நேரான விடை தருவதில்லை. கயிலையைக் காணப் புறப்பட்ட அப்பர் சுவாமிகள், பாதங்கள் தேய்ந்தபின் கைகளை ஊன்றியும், கைகளும் தேய்ந்தபின் மார்பினால் உந்தியும், அதுவும் இயலாதபோது உடலைப் புரட்டியும் சென்றார் என்று பெரியபுராணம் சொல்லக் கேட்டவர்கள், வழிநடையின் வருத்தமே ஈசுவரனுக்கு உகந்த காணிக்கை என்று எண்ணிவிடுவது இயல்பு. ஆனால் அந்தக் கதையிலேயே, முனிவர் வேடத்தில் வந்து அவரைத் திரும்பிப் போகச் சொன்னவனும், கடைசியில் ஒரு தடாகத்தில் மூழ்கச் சொல்லித் திருவையாற்றில் எழச் செய்து அங்கேயே கயிலைக் காட்சியை அருளியவனும் அந்த ஈசுவரன்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திருப்பைஞ்ஞீலிக்குப் பசியும் தாகமுமாக நடந்து வந்த அப்பருக்கு முன்னால் அந்தணர் வேடத்தில் சோலையும் குளமும் அமைத்துப் பொதிசோற்றோடு காத்திருந்ததும், குருகாவூர் வழியில் சுந்தரருக்காகப் பந்தலிட்டுச் சோறும் தண்ணீரும் அளித்ததும், நடந்து வருந்திய சம்பந்தப் பிள்ளையாருக்காகத் திருநெல்வாயில் அரத்துறையில் முத்துச்சிவிகை கொடுத்ததும் அவனே. அடியார்கள் நடந்தார்கள்; ஆண்டவனோ அந்த நடையின் கஷ்டத்தைக் குறைப்பதற்கே வழி பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகவே தவம் நடப்பவனுடையது, அவன் வழியில் நிழலும் நீரும் வைப்பது மற்றவர்களுடைய கடமை என்று இரண்டையும் பிரித்தே வைத்திருந்தார்கள் நம் முன்னோர். திங்களூரில் அப்பூதியடிகள், தாம் கண்ணால் கண்டிராத அப்பராகிய திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப்பந்தல் வைத்தார். முப்பத்திரண்டு அறங்கள் என்று எண்ணி வைத்த பட்டியலில் தண்ணீர்ப்பந்தல், மடம், குளம், சோலை ஆகியவை இடம் பெறுகின்றன. சாலையோரம் ஆலமரம் நட்டுக் கிணறு வெட்டுவித்ததை அசோகச் சக்கரவர்த்தி தம்முடைய ஏழாம் தூண் சாசனத்தில் பொறித்து வைத்தபோது, அந்த நிழல் மனிதருக்கும் விலங்குகளுக்கும் உரியது என்று சேர்த்தே சொன்னார். பிள்ளை பெறாமல் வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, முகமறியாத வழிப்போக்கன் தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல் நாட்டிய ஒரு சமூகம், நடப்பவனுடைய பிடரி வலியை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்க வேண்டும்!

அந்தக் கவனத்தை இன்று தேடவேண்டிய இடம் ஒன்று உண்டு. நீலகிரி என்றவுடன் உதகை ஏரியையும் குன்னூர் ரயிலையும் நினைப்பவர்களுக்கு, மலை மேற்கே சரிந்து இறங்கும் கூடலூர்ப் பக்கம் அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை. அங்கே முதுமலைக் காட்டை ஒட்டிக் கிடக்கும் ஊராட்சி ஸ்ரீமதுரை. வயலும், காப்பியும், மிளகும், தேயிலையும் கலந்த பூமி. பணியரும், குறும்பரும், காட்டுநாயக்கரும், மவுண்டாடன் செட்டிமாரும், பின்னால் வந்து குடியேறிய மலையாளிகளும் தமிழரும் வாழும் இடம். வீடுகள் நெருங்கி அமைந்த தெரு இங்கே அபூர்வம். வயலுக்கு ஒரு கரையும் கரைக்கு நாலைந்து வீடுகளுமாகச் சிதறிக் கிடப்பதனால், ரேஷன் கடைக்கும், பள்ளிக்கும், பஸ் நிற்கும் இடத்துக்கும் நடந்தே தீரவேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் மழை விடாமல் பெய்யும். ஒற்றையடிப் பாதையில் அட்டை காலேறும். பொழுது சாய்ந்தால் காட்டானை வயலில் இறங்கும். அரிசிப் பையோடு திரும்பும் ஒரு கிழவியை, கையில் டார்ச்சு விளக்கோடு எதிரே வரும் இளைஞன், "ஆனை வயல்ல நிக்குது, இப்பப் போவாதீங்க பாட்டி" என்று தடுக்கிறான். அவளும் பையை மதகுச் சுவரின் மேல் இறக்கிவைத்துவிட்டு, வெற்றிலையை எடுத்துக்கொண்டு, யானை எப்போது நகரும் என்று கேட்காமல் உட்கார்ந்துவிடுகிறாள். அவள் நடையில் தவம் இருக்கிறதா என்று அவளிடம் போய்க் கேட்கிற துணிவு எனக்கில்லை.

1930-ல் காந்தியடிகள் தண்டிக்கும் ராஜாஜி வேதாரண்யத்துக்கும் நடந்தார்கள். காஞ்சிப் பெரியவர் தேசமெல்லாம் கால்நடையாகவே சஞ்சரித்தார். சமணத் துறவியர் இன்றும் வாகனம் ஏறுவதில்லை. இவர்கள் எல்லாரும் ஏறக்கூடிய வாகனத்தை வேண்டாம் என்று விலக்கியவர்கள். ஏற வாகனமே இல்லாதவளுடைய நடையை அவர்களுடைய நடையோடு சேர்த்துப் புகழ்வது, பட்டினி கிடப்பவனை ஏகாதசி விரதக்காரன் என்று கொண்டாடுவதற்குச் சமானம். (உதகையில் ஏரிக்கரை வரை காரில் போய், அங்கே இறங்கி ஆரோக்கியத்துக்காக நடந்துவிட்டு, மறுபடி காரில் திரும்புகிறவர்களும் நடப்பவர்களே, அவர்களை இந்த வியவகாரத்தில் சேர்க்க வேண்டாம்.)

செல்வம் பெருகினால் வாகனமில்லாதவர்களின் கஷ்டம் தானே தீரும் என்பது ஒரு கட்சி. செல்வம் கொழித்த அமெரிக்காவில், மோட்டார் வண்டியின் தாயகமான டெட்ராய்ட் நகரம் அதற்குச் சரியான சமாதானம் சொல்லவில்லை. 1950-ல் ஏறத்தாழ 18½ லட்சம் ஜனங்கள் வாழ்ந்த அந்த நகரம், தன் கடைசி டிராமை 1956-ல் நிறுத்திவிட்டு வண்டிகளை மெக்ஸிகோ நகரத்துக்கு விற்றது. விரைவுச் சாலைகளுக்காகக் கறுப்பர்கள் நெருங்கி வாழ்ந்த பேட்டைகளை இடித்தார்கள்; வசதியுள்ள வெள்ளையர்கள் அந்தச் சாலைகள் வழியாகவே வெளியேறினார்கள்; ஆலைகளும் கடைகளும் அவர்களைப் பின்தொடர்ந்தன; புறநகரங்களிற் சில, வட்டாரப் பஸ்ஸே தங்கள் எல்லைக்குள் வரவேண்டாம் என்று விலகிக்கொண்டன. 2020-ல் எஞ்சியவர்கள் 6.4 லட்சத்துக்கும் குறைவு. நகரத்தின் பரப்போ சுருங்கவில்லை. ஏறத்தாழ 360 சதுர கிலோமீட்டர், அதாவது முதுமலைப் புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியைவிடச் சற்றுப் பெரிது. அந்தப் பரப்பில், இடையிடையே காலி மனைகள் கிடக்க, கார் இல்லாதவன் பனியில் பஸ்ஸுக்காக நிற்கிறான். வயலும் காடும் குறுக்கிட்டதனால் ஸ்ரீமதுரையில் ஏற்பட்ட தூரத்தை, அங்கே மனிதர்கள் திட்டம் போட்டு உண்டாக்கியிருக்கிறார்கள்.

காரானாலும் பல்லக்கானாலும், வாகனம் என்பது யாரோ ஒருவருடைய தோளின்மேல் ஏறியே செல்கிறது. 1834-ல் மெக்காலே துரை சென்னையிலிருந்து மைசூர் வழியாக உதகைக்கு மனிதர் சுமந்த பல்லக்கில் வந்தார். சுமந்தவர்களின் பெயரைச் சரித்திரம் கேட்கவில்லை. திருப்பூந்துருத்தியில் சம்பந்தருடைய சிவிகையைக் கூட்டத்தோடு கூட்டமாகச் சுமந்து வந்த அப்பர், "அப்பர் எங்கே?" என்று சம்பந்தர் வினவ, அடியேன் இங்கே கீழே இருக்கிறேன் என்றதும் சம்பந்தர் பதறிக் கீழே குதித்தாரே, அந்தப் பதற்றம் வாகனாதிபதிகளுக்கு வரவேண்டும். எல்லாருடைய வரியிலும் ஓடி எல்லாரையும் ஏற்றிக்கொள்ளும் பஸ்ஸில் மட்டுமே சுமையும் சவாரியும் ஓரளவு சமமாகப் பங்கிடப்படுகின்றன. பழைய தண்ணீர்ப்பந்தலுக்கு இக்காலத்து வாரிசு அதுதான் என்பது என் அபிப்பிராயம். சாதாரணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தை 2024-ல் மலைக்கும் நீட்டித்தது நல்ல தர்மம். ஆயினும் பந்தலில் தண்ணீர் இலவசம் என்று எழுதி வைத்தால் போதாது, பானை நிறைந்திருக்கவும் வேண்டும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும்; அது நியாயமானது. இந்த நீலகிரிப் பிரதேசத்தின் மிகப் பழைய பாதசாரி மனிதன் அல்லன், யானை. பந்திப்பூர், முதுமலை வழியாக மைசூர் செல்லும் சாலையில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை வாகனங்களைத் தடுத்திருப்பதும், சீகூர்ப் பீடபூமியின் யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் 2020-ல் உறுதி செய்ததும் அந்தப் பாதசாரிக்குச் செய்த வழிநடைத் தர்மமே. அசோகரின் நிழல் விலங்குகளுக்கும் உரியதாக இருந்ததல்லவா? ஸ்ரீமதுரையில் பஸ் கேட்பவன் யானையின் பாதையை அடைக்கச் சொல்கிறானோ என்று அஞ்சுவோர் உண்டு. ஆனால் ஐம்பது பேரை ஏற்றிய ஒரு பஸ் யானை கடக்கும் வளைவை ஒரு தடவை கடந்து போய்விடுகிறது. அதே ஐம்பது பேர் ஜீப்பிலும் ஆட்டோவிலும் இருசக்கர வண்டியிலும் இருட்டில் தனித்தனியே நடந்தும் போவதனால்தான் யானைக்கும் அமைதியில்லை, மனிதனுக்கும் உயிர்ப் பயம் நீங்குவதில்லை. உயர் நீதிமன்றம் உதகைக்கு வரும் வாகனங்களுக்கு 2024-ல் இ-பாஸ் விதித்தபோது அரசுப் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அது தேவையில்லை என்று விட்டதிலும் இந்த விவேகம் தெரிகிறது. வனத்துறையும் போக்குவரத்துக் கழகமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, பொழுது சாயும் நேரத்தில் எந்த வளைவில் யானை கடக்கிறது, எந்த வளைவில் பள்ளிப் பிள்ளைகளும் தோட்ட வேலை முடித்த பெண்களும் நடக்கிறார்கள் என்பதை ஒரே காகிதத்தில் குறித்துப் பார்க்கட்டும். மாலைப் பஸ் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அந்தப் பஸ் தடத்தில் நஷ்டம் வருகிறது என்ற கணக்கை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.