அறிமுகஞ் செய்வோனின் பொறுப்பு

புத்தளத்திலிருந்து எழுவன்குளம் நோக்கிச் செல்லும் பாதையில், வண்ணாத்திவில்லுச் சந்தியிற் பேருந்துக்குக் காத்திருந்த ஒரு மாலைப்பொழுதிலேயே இக்கட்டுரைக்குரிய வினா என்னை வந்தடைந்தது. முன்னர் என்னிடம் பயின்று, இப்போது முந்திரித் தோட்டமொன்றில் வேலைசெய்யும் இளைஞர் ஒருவர் தமது புதிய வருவாய் பற்றிக் கூறினார். தம் உடலைத் தாமே படம்பிடித்து, வயதுவந்தோருக்குக் கட்டணத்துக்கு வழங்கும் பெண்கள் சிலரை, ஒத்த இரசனையுடைய சிறு வட்டமொன்றுக்கு அவர் அறிமுகஞ் செய்கிறார். புதிய சந்தாதாரர் சேருந்தோறும் அப்பெண்கள் அவருக்குச் சிறு கழிவு கொடுக்கின்றனர். "படம் எடுக்கிறது அவங்க, பார்க்கிறது இவங்க. நடுவில சொல்லிவிடுறதில நான் செய்யிற பிழை என்ன, சேர்?" என்றார். பேருந்து வந்துவிட்டது. அவருக்கு நான் மறுமொழி கூறவில்லை; கூறுதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவுமில்லை.

மெய்யியல் மாணவர்க்கு இவ்வினா புதியதன்று. ஜோன் ஸ்ருவாட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலின் இறுதி அத்தியாயத்தில் இதே இடத்திலேயே தடுமாறுகின்றார். பிறர்க்குத் தீங்கிழையாத ஒழுக்கக் கேட்டைச் சமூகம் பொறுத்துக்கொள்ளுமாயின், அதற்கு ஆள்சேர்த்துப் பிழைப்பவனையும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா என அவர் வினவுகின்றார். முதன்மையாளரை விட்டுவிட்டுத் துணைநிற்போனைத் தண்டிப்பது அறநோக்கில் முரணானது என்பதை ஏற்கும் அவர், அம்முரணுக்கு நியாயமுண்டா என்பதைத் தீர்க்கத் துணியாது விட்டுவிடுகின்றார். எதற்கும் விடைகாணுந் துணிவுடைய மில் இங்கே தயங்கியமை மனங்கொள்ளத்தக்கது.

சட்டத்துக்கு அத்தயக்கம் இல்லை. ஆபாச வெளியீடுகளை ஒடுக்குவதற்கான 1923ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை, அவற்றை ஆக்குவோனோடு, அவை கிடைக்குமிடத்தை அறிவிப்போனையும் குற்றவாளியாக்கிற்று. இலங்கையின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச்சட்டம் 1927இல் வந்தது. இத்தகைய சட்டங்கள் வினவுவது வெளியீடு ஆபாசமானதா என்பதையே. படத்திலிருப்பவள் அதனை விரும்பினாளா என்பதையன்று. தானே விரும்பி வெளியிட்டவளும், அவளிடமிருந்து திருடிப் பரப்பியவனும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். சட்டத்தை மட்டும் கொண்டு அவ்விளைஞருக்கு விடையளிக்க நான் விரும்பாமைக்கு இதுவே காரணம்.

தமிழ்நாட்டு வரலாற்றில் இவ்வினாவோடு பொருந்தும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங்கரின் (1739–1763) அவையிலிருந்த கணிகை முத்துப்பழனி, 'ராதிகா சாந்த்வனம்' என்னுஞ் சிருங்காரக் காவியத்தைத் தெலுங்கில் இயற்றினார். காம நுகர்ச்சியிற் பெண்ணின் விருப்பத்தை முன்னிறுத்திய நூல் அது. 1887இல் வேங்கடநரசு அதனைப் பதிப்பித்தபோது, ஆசிரியை தம் குலத்தையும் புலமையையும் பெருமிதத்தோடு கூறும் முகவுரைப் பகுதியும் பாடல்கள் சிலவும் விடப்பட்டன. நூல் வாசிக்கப்பட்டது, நூலாசிரியை மறைக்கப்பட்டார். அவரைப்போலவே தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள், மூலத்தைத் தேடிப்பெற்று 1910இல் முழுமையாக வெளியிட்டார். சமூகச் சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம் ஏற்கெனவே முத்துப்பழனியைக் கடிந்திருந்தார். பெண் கேட்கவுந் தகாதவை அந்நூலில் உள்ளன என்பது அவர் கருத்து. நாணம் பெண்களுக்கு மட்டுமோ, ஆண்கவிகள் எழுதியவற்றை நீங்களே பதிப்பித்தீரே என நாகரத்தினம்மாள் எதிர்வினா எழுப்பினார். 1911இல் அரசு நூலைத் தடைசெய்தது. தடை நீங்க 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. (தேவதாசியராகப் பொட்டுக்கட்டுவதைச் சென்னை மாகாணம் சட்டத்தால் விலக்கியதும் அதே ஆண்டில்தான். கவியின் நூல் விடுதலை பெற்ற ஆண்டிற் கவி சார்ந்த வாழ்க்கைமுறை சட்டவிரோதமாயிற்று.)

நாகரத்தினம்மாளும் அறிமுகஞ் செய்தவரே. ஆயினும் அவருக்கும் நம் இளைஞருக்கும் இடையில் வேறுபாடு உண்டு. அது கலைக்கும் கீழ்த்தர வணிகத்துக்கும் உள்ள வேறுபாடு எனப் பலர் விரைந்து கூறுவர். அவ்விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. வீரேசலிங்கம் முத்துப்பழனியைத் தள்ளியதும் ஏறத்தாழ இவ்வளவுகோல் கொண்டுதான். நாகரத்தினம்மாள் தம் பெயரை அட்டையில் இட்டார். வந்த வசைக்குத் தாமே மறுமொழி கூறினார். மறைக்கப்பட்ட பெயரை அதற்குரியவளிடம் மீட்டுக் கொடுத்தார். நம் இளைஞர் புனைபெயரில் மறைந்திருக்க, அப்பெண்ணின் முகம் மட்டும் வெளியே நிற்கின்றது.

இதனினும் முக்கியமான வேறொன்றுண்டு. இசைவு என்பதை நாம் வழக்கமாகக் 'காட்டுதற்கு இசைவு' என்றே கொள்கின்றோம். உண்மையில் ஒருவர் இசைவது இன்னார்க்குக் காட்டுதற்கே. 2016இல் இலண்டனிலே தோன்றிய ஒன்லிஃபான்ஸ் போன்ற தளத்தில் தன் படத்தை இடும் பெண், வருவாயில் நூற்றுக்கு 20 பங்கைத் தளத்துக்குக் கொடுத்து, முகமறியா அயலாரை மனத்திற்கொண்டே அதனை இடுகின்றாள். அறிமுகஞ் செய்வோன் படத்தில் எதையும் மாற்றுவதில்லை, பார்ப்போரை மாற்றுகின்றான். கொழும்பிலோ இலண்டனிலோ அயலாராயிருப்போர், வண்ணாத்திவில்லு போன்ற சிற்றூரில் அயலாராயிரார். அங்கே ஒருவன் அவளுடைய தமையனோடு படித்தவனாயிருப்பான். ஒருவன் அவள் தந்தைக்குக் கடன் கொடுத்தவனாயிருப்பான். அவள் கொடுத்த இசைவு இவர்களை உள்ளடக்கிற்றா? கழிவு கொடுத்தாள் என்பதால் உள்ளடக்கிற்று என்பது அவசரமான முடிவு. தன்னை எவ்வட்டத்துக்குக் கொண்டுசெல்கின்றான் என்பதை அவள் அறிந்திருந்தாளா என்பது முதலிற் கேட்கப்பட வேண்டியது.

முத்துப்பழனியும் இசைவு தரவில்லையே என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான். இறந்து நூற்றாண்டுக்கு மேலான கவிக்குப் புதிய வாசகரால் நேரக்கூடியது புகழ் அல்லது இகழ் மட்டுமே. அவர் மறுநாட்காலை கிணற்றடிக்குச் செல்ல வேண்டியதில்லை. உயிரோடிருப்பவள் செல்லவேண்டும். மேலும் அவள் மனம் மாறலாம். தளத்திலிருந்து அவள் படத்தை நீக்கலாம். வட்டத்தினர் சேமித்துக்கொண்ட படி நீங்காது.

சில மாதங்களின் பின் அவ்விளைஞரை மீண்டும் சந்தித்தபோது இதனைக் கூறினேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. தமது வட்டத்தில் ஒருவன் ஒரு பெண்ணின் பின்னாலிருந்த சுவரையும் யன்னலையும் பார்த்து, அது எந்த ஊர் வீடு என்று கண்டுபிடிக்க முயன்றதாகவும், ஏனையோரும் ஆளுக்கொரு ஊர்ப்பெயர் சொன்னதாகவும் பின்னர் கூறினார். "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்றேன். தாமும் ஒரு பெயர் சொன்னதாக ஒப்புக்கொண்டார்.