கொல்லை மரத்திற்கு நம்மீது ஹக்கு உண்டா?

மரம் நடுவதன் சிறப்பைக் கேள்விப்படாத முஸ்லிம் வீடு இருக்க முடியாது. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதனோ பறவையோ பிராணியோ தின்றால் அது அவருக்கு ஸதகாவாகும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியிலும் முஸ்லிமிலும் அது பதிவாகியிருக்கிறது. ஜும்ஆ பயானில் கேட்கிறோம்; மத்ரஸா ஆண்டு விழாக்களில் கேட்கிறோம்; கேட்ட உற்சாகத்தில் கன்றும் வாங்கி வருகிறோம்.

ஆனால் இந்த ஹதீஸில் சற்று நின்று கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. ஸதகா எங்கே தொடங்குகிறது? தின்பதில் தொடங்குகிறது. கன்றைக் குழியில் இறக்கி மண்ணை மிதித்த நிமிஷத்தில் அல்ல. நிய்யத்துக்குரிய கூலி நிய்யத்துக்கு உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. எனினும் பறவை கொத்த ஒரு பழமும் ஆடு கடிக்க ஓர் இலையும் வர வேண்டுமானால், நட்டதற்கும் தின்பதற்கும் இடையே சில ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த ஆண்டுகளைப் பற்றித்தான் நாம் பேசுவதே இல்லை.

கியாமத் நாள் வந்துவிட்டபோதும் கையில் ஈச்சங்கன்று இருந்தால் நட்டுவிடும்படி ஏவிய ஹதீஸை இங்கே சிலர் எடுத்துக் காட்டலாம். தின்ன ஆளே இல்லாதபோதும் நடச் சொல்லப்பட்டிருக்கிறதே, அப்படியானால் நடுவதுதானே முக்கியம் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது நாளை என்பதே இல்லாதவனுக்குச் சொல்லப்பட்டது. நமக்கு நாளை இருக்கிறது; பங்குனியும் சித்திரையும் இருக்கின்றன.

மருங்காபுரியைப் போன்ற ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்துக் கொல்லையில் குச்சியை ஊன்றினாலும் வேர் பிடித்துவிடும். காவிரியின் ஈரம் அப்படி. அதே திருச்சி ஜில்லாவில், மதுரை சாலையில் தெற்கே வந்தால், மருங்காபுரி, துவரங்குறிச்சிப் பக்கம் ஆறு எட்டாத மேட்டு நிலம். வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி நட்ட கன்று தை வரைக்கும் தளதளவென்றிருக்கும். மாசியில் வாடும். பங்குனி கடைசியில் பார்த்தால் காய்ந்த குச்சிதான் நிற்கும். மறு மழைக்கு அதே குழியில் இன்னொரு கன்று வைப்போம்.

இது பாவமா? மார்க்கம் என்ன சொல்கிறது?

ஃபிக்ஹு நூல்கள் இதைப் பேசாமல் விடவில்லை. வளர்க்கும் ஆடு மாட்டுக்குத் தீனி போடுவது உரிமையாளர் மீது கடமை. போடாவிட்டால் காஜி அவரை நிர்ப்பந்திக்கலாமா என்பதில் நம் ஹனபி மத்ஹபுக்குள்ளேயே பேச்சு உண்டு; நிர்ப்பந்திக்கலாம் என்பது இமாம் அபூயூஸுப் (ரஹ்) அவர்களின் கூற்று. எப்படியானாலும் அல்லாஹ்விடத்தில் அவர் குற்றவாளி என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. ரூஹு இல்லாத வீடு, மரம் முதலியவற்றுக்கு அந்தச் சட்டம் கிடையாது. ஆனால் இயன்றிருந்தும் மரத்துக்குத் தண்ணீர் விடாமல் காயவிடுவது மக்ரூஹ் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதுகிறார்கள். காரணம், அது பொருளை வீணாக்குவது. பொருளை வீணாக்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள்.

ஆக, சட்டம் ரூஹு என்ற இடத்தில் கோடு கிழிக்கிறது. ஆட்டுக்கு ஹக்கு உண்டு. மரத்துக்குச் சட்டப்படி ஹக்கு இல்லை. ஆனால் செடியும் மரமும் ஸுஜூது செய்வதாகக் குர்ஆன் ஷரீபில் சொல்லப்பட்டிருப்பதும், மிம்பர் வந்தபின் ஒதுக்கப்பட்ட ஈச்ச மரத்துண்டு தேம்பியழ, நாயகம் (ஸல்) அவர்கள் இறங்கிச் சென்று அதைத் தேற்றியதும் நமக்குத் தெரியும். இவ்வளவையும் தெரிந்துகொண்டு, ரூஹு இல்லாததற்கு நாம் ஒன்றும் கடன்படவில்லை என்று ஒருவர் கையை உதறிக்கொண்டு போக முடியுமா?

நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். மரத்தின் பெயரால் நம்மிடம் கேட்கப்படாமல் போகலாம். ஆனால் அந்த மரத்தில் தின்னவிருந்த அணிலின் பெயரால், நிழலில் உட்காரவிருந்த முதியவரின் பெயரால் கேள்வி உண்டு. மரம் அவர்களுக்காக நம் கொல்லையில் வைக்கப்பட்ட அமானத்து.

ஹிதாயாவில் ஓர் இடம் உண்டு. மத்ரஸாக்களில் ஓதுகிறவர்கள் விரைவாகக் கடந்துவிடும் இடம். பிறருக்குச் சொந்தமான வாய்க்கால் தண்ணீரை மனிதர் குடிக்கலாம், கால்நடைக்குக் காட்டலாம். அனுமதியின்றி வயலுக்குப் பாய்ச்சக் கூடாது. இது பொதுச் சட்டம். ஆனால் ஒருவர் தம் வீட்டுக்குள் உள்ள மரத்துக்கோ கீரைக்கோ குடத்தில் சுமந்து கொண்டுபோய் ஊற்ற விரும்பினால், சரியான கூற்றின்படி அவருக்கு அது உண்டு என்கிறார் நூலாசிரியர். மக்கள் இந்த விஷயத்தில் தாராளமாக நடந்துகொள்கிறார்கள், தடுப்பதை அற்பத்தனமாக எண்ணுகிறார்கள் என்று காரணமும் காட்டுகிறார். மர்கீனானீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 593-ல் வஃபாத்தானவர்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே வயலுக்கும் ஆட்டுக்கும் நடுவே வீட்டு மரத்துக்கென்று தனியாக ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். குடத்தில் சுமந்து ஊற்றும் அளவு என்ற வரம்பையும் கவனியுங்கள். குழாயில் ரப்பர் டியூபை மாட்டித் திறந்துவிட்டுப் போவதற்கு இதில் ஆதாரம் தேட முடியாது.

சித்திரையில் இந்த வரம்பு மிகவும் அவசியம். தெருக் குழாயில் பக்கத்து வீட்டுப் பெண்கள் குடத்தை வரிசையாக வைத்துக் காத்திருக்கும்போது நல்ல தண்ணீரைக் கொய்யாவுக்கு விடுவது தர்மமாகாது. முதலில் மனிதர், பிறகு வாயில்லாப் பிராணி, அதன் பிறகே மரம். அப்படியானால் கோடையில் மரம் சாகட்டும் என்று விட்டுவிடுவதா? தேவையில்லை. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஐந்து வேளை ஒலுச் செய்த தண்ணீர் எங்கே போகிறது? உபயோகித்த தண்ணீர் மறுபடி ஒலுவுக்கு ஆகாது; ஆனால் அது சுத்தமான தண்ணீர்தான், மரத்துக்கு ஒரு குறையும் இல்லை. அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர் இருக்கின்றன. குளிக்கும் இடத்துச் சோப்புத் தண்ணீரை மணலும் சரளையும் போட்ட ஒரு குழி வழியாக வாழைக்கும் தென்னைக்கும் திருப்பலாம். அடிமரத்தைச் சுற்றிச் சருகும் தேங்காய் மட்டையும் பரப்பி மூடாக்குப் போட்டு, வெயில் தாழ்ந்தபின் ஊற்றினால், ஒரு குடம் இரண்டு குடத்தின் வேலையைச் செய்யும். இளங்கன்றுக்குப் பக்கத்தில் அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகிய பழைய மண்பானையைப் புதைத்து நிரப்பி வைத்தால் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வேருக்கு இறங்கும்.

மரத்தின் வருஷம் வேறு, நம் இபாதத்தின் வருஷம் வேறு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைப் பின்பற்றுகிறது. சூரிய ஆண்டை விட ஏறக்குறைய 11 நாள் குறைவு. ஆகவே ரமளான் சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. மரம் ரமளானை அறியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஆடியும் ஐப்பசியும்தான். பெருநாள் வந்தால் வீட்டுக்கு வெள்ளையடிக்க நினைவு வருவது போல, மரத்தின் வேலைகளை நம் பண்டிகைகள் நினைவூட்டமாட்டா. அதற்கு வேறு கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

மாமரம் தையிலும் மாசியிலும் பூக்கும். பூக்குமுன் மார்கழி வாக்கில் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். இரக்கப்பட்டு ஊற்றினால் பூவுக்குப் பதில் தளிர் தள்ளும். பிஞ்சு பிடித்தபின் தண்ணீர் வேண்டும். காய் பறித்து முடிந்ததும் உள்ளே நெருங்கிய கிளைகளையும் காய்ந்தவற்றையும் கழித்துவிடலாம். முருங்கையைக் காய்ப்பு ஓய்ந்ததும் வெட்டி விட்டால்தான் ஆடிக்காற்றுக்குத் தப்பும். அது முறியத்தான் பிறந்த மரம். தென்னைக்கு உரம் ஆனி ஆடியில் ஒரு தரம், மார்கழி தையில் ஒரு தரம். குருத்தில் காண்டாமிருக வண்டு இறங்காமலிருக்க மட்டை இடுக்குகளில் வேப்பம் பிண்ணாக்கும் மணலும் கலந்து வைப்பார்கள்.

மழைக்காலத்தில் முருங்கையில் கம்பளிப்பூச்சி வரும். பகலில் அடிமரத்தில் அடை அடையாக ஒட்டிக் கிடக்கும். துணியை எண்ணெயில் நனைத்துப் பந்தம் கட்டிக் கொளுத்துவதுதான் நம் ஊர்களில் வழக்கம். இதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அபூதாவூதில் ஹஜ்ரத் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரே ஹதீஸில் இரண்டு சம்பவங்கள் வருகின்றன. ஒன்று, குஞ்சுகளைப் பறிகொடுத்துச் சிறகடித்த தாய்ப்பறவைக்கு அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் செய்தது. மற்றது, எறும்புப் புற்றைக் கொளுத்தியவர்களைக் கண்டித்து, நெருப்பால் தண்டிக்கும் உரிமை நெருப்பின் இறைவனுக்கே உரியது என்று உணர்த்தியது. தீங்கு செய்யும் பூச்சியைக் கொல்வது குற்றமில்லை. வேறு வழியே இல்லாதபோது நெருப்பையும் அனுமதித்த அறிஞர்கள் உண்டு. ஆனால் சோப்புக் கரைசலை அழுத்தமாக அடித்தும், நீண்ட கம்பில் துணி சுற்றி வழித்துத் தண்ணீர் வாளியில் தள்ளியும் வேலை முடிகிறபோது வேறு வழியில்லை என்று எப்படிச் சொல்வது? அதே ஹதீஸின் முதல் பாதி கிளை வெட்டுகிறவருக்கு. அரிவாளை எடுக்குமுன் கூடு இருக்கிறதா என்று ஒரு தரம் அண்ணாந்து பார்த்தால் போதும்; குஞ்சு பறந்தபின் வெட்டலாம்.

அண்டை வீட்டாரின் ஹக்குக்கு வருவோம். இதில் நாம் மிகவும் அலட்சியமாக இருக்கிறோம். நம் மரத்தின் கிளை அவர் வீட்டு எல்லைக்குள் நீண்டால், அதை அகற்றும்படி கேட்க அவருக்கு உரிமை உண்டு. நாம் செய்யாவிட்டால் அவரே வளைத்து விடலாம்; வளையாவிட்டால் வெட்டலாம் என்பது ஃபிக்ஹு. கிளை அங்கே போனாலும் காய் நம்முடையதே, ஆனால் நிழலோடு குப்பையும் அவருக்குப் போகிறது என்பதை மறந்துவிடுகிறோம். ஓர் அன்ஸாரியின் தோட்டத்தில் இன்னொருவருக்குச் சில ஈச்ச மரங்கள் இருந்தன. அவர் வந்து போவது அந்தக் குடும்பத்துக்கு இடைஞ்சல். விற்கச் சொன்னார்கள், மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், நன்மை கிடைக்கும் கொடுத்துவிடு என்றும் சொன்னார்கள். அவர் எதற்கும் இணங்கவில்லை. மரங்களைப் பிடுங்கிவிடும்படி அன்ஸாரிக்கு நாயகம் (ஸல்) அவர்கள் உத்தரவிட்டதாக அபூதாவூதில் வருகிறது. நடுவதை அவ்வளவு சிறப்பித்தவர்களே பிடுங்கச் சொன்னார்கள் என்றால், பிறருக்கு இடர் தரும் மரத்தின் நிலையை நாம் புரிந்துகொள்ளலாம்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, தஞ்சை, புதுக்கோட்டைத் தென்னைகளை லட்சக்கணக்கில் சாய்த்துவிட்டு மேற்கே சென்றபோது திருச்சி ஜில்லாவின் தென்கோடியையும் விட்டுவைக்கவில்லை. புயலில் விழுவது அல்லாஹ்வின் நாட்டம். அதற்கு யாரும் நஷ்ட ஈடு தர வேண்டியதில்லை. ஆனால் நூல்களில் சாய்ந்த சுவரைப் பற்றி ஒரு சட்டம் இருக்கிறது. தெருப்பக்கமோ அடுத்த வீட்டுப் பக்கமோ சாய்ந்து நிற்கும் சுவரை இடிக்கும்படி உரியவர்கள் கேட்டும், இடிக்க அவகாசமும் சக்தியும் இருந்தும், உரிமையாளர் விட்டுவைத்து, அது விழுந்து சேதம் நேர்ந்தால் அவரே பொறுப்பு. பட்டுப்போன மரத்துக்கும் அடுத்த வீட்டு ஓட்டின் மேல் சாய்ந்த தென்னைக்கும் இதையே வைத்துப் பார்ப்பதுதான் பொருத்தம் என்பது நம் அபிப்பிராயம். புரட்டாசி முடிவதற்குள் காய்ந்த மட்டையையும் முற்றிய குலைகளையும் இறக்கி, பட்ட கிளைகளைக் கழித்துவிட வேண்டும்.

இவ்வளவையும் செய்வது யார்? இதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். நம் ஊர் வீடுகளில் அத்தா சவூதியிலோ குவைத்திலோ இருக்கிறார். லீவில் வரும்போது இரண்டு மாங்கன்று வாங்கி நட்டு, பிள்ளைகளுடன் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். பிறகு அந்த மாங்கன்று அவருடைய மரமாகிவிடுகிறது. ஆனால் நாலு கோடைக்கு அரிசித் தண்ணீர் சுமந்தவர் வேறொருவர். மரம் பட்டுப்போனால் மட்டும் அந்த மரம் அவர் பொறுப்பில் இருந்ததாக எல்லோருக்கும் நினைவு வந்துவிடும்! வீட்டு உணவிலிருந்து வீணாக்காமல் தர்மம் செய்யும் மனைவிக்கும் கூலி உண்டு, சம்பாதித்த கணவருக்கும் உண்டு, பாதுகாத்துவைத்தவருக்கும் அதுபோலவே உண்டு, ஒருவர் கூலி மற்றவர் கூலியைக் குறைக்காது என்று ஹஜ்ரத் ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக வந்திருக்கிறது. மரத்துக்கு இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு வேண்டுமா?

ஹஜ்ரத் ஸல்மான் பார்ஸீ (ரலி) அவர்கள் அடிமைத் தளையிலிருந்து மீள்வதற்கு நிபந்தனையாகக் கேட்கப்பட்டது 300 ஈச்சங்கன்றுகளும் 40 ஊக்கியா பொன்னும். கன்றுகளைத் தோழர்கள் முப்பதும் இருபதும் பத்துமாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். குழிகளை முதலில் வெட்டி முடித்துவிட்டுத் தம்மை அழைக்கும்படி ஸல்மானிடம் சொன்ன நாயகம் (ஸல்) அவர்கள், வந்து தம் முபாரக்கான கரங்களால் நட்டார்கள். ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. அது முஃஜிஸாத்தான். ஆனாலும் குழி வெட்டும் வேலையை ஸல்மான் (ரலி) அவர்களும் தோழர்களும்தான் செய்து முடித்தார்கள்.

இவ்வாண்டு ஐப்பசியில் நடப்போகிறவர்கள் ஆனியிலேயே குழி வெட்டிவிடலாம். எங்கள் செம்மண்ணுக்கு மூன்றடிக்கு மூன்றடி வேண்டும். ஒரு மாதம் வெயில் காயவிட்டு, மேல்மண்ணோடு மக்கிய எருவும் ஒரு கை வேப்பம் பிண்ணாக்கும் கலந்து ஆவணியில் மூடிவிடுங்கள். எத்தனை குழி என்பதை வெட்டுகிறவர் தாமாக முடிவு செய்ய வேண்டாம். சித்திரையில் குடம் சுமக்கப் போகிறவரிடம் கேட்டு, அவர் இரண்டு என்றால் இரண்டு வெட்டுங்கள்.